வந்தியத்தேவன் குதிரைக்குக் கொள்ளு விளைத்தது யார்?

தை அறுப்பு முடிந்ததும் நெல்லைக் கொண்டுபோய்க் கொள்முதல் நிலையத்துக் களத்தில் கொட்டிவிட்டு, முறை வருகிற வரைக்கும் குவியல் பக்கத்திலேயே படுத்துக் கிடப்பது எங்களுக்கு வழக்கம். ஈரப்பதம் 17க்கு மேல் காட்டினால் எடுக்க மாட்டார்கள். பகலில் காலால் கிளறிக் காயவைக்க வேண்டும். சாயங்காலம் பனி இறங்குவதற்குள் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். ராத்திரி மாடு வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றபடி வேலை கிடையாது. இந்த வருஷம் அந்த நேரத்துக்குத் துணையாக ஒரு பை நிறையச் சரித்திர நாவல்கள் இருந்தன. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற என் அக்கா மகன் பொங்கலுக்கு வந்தபோது வைத்துவிட்டுப் போனவை.

களத்தில் ஆரம்பித்த படிப்பு உளுந்து பறிக்கிற வரைக்கும் ஓடியது. பொன்னியின் செல்வன் (இது மூன்றாவது தடவை), சிவகாமியின் சபதம், பார்த்திபன் கனவு, யவன ராணி, கடல் புறா, வேங்கையின் மைந்தன். போன வாரம் அவன் போன் பண்ணி, "எப்படி மாமா இருக்கு?" என்று கேட்டான்.

"நல்லா இருக்குடா. ஆனா படிக்கப் படிக்கக் கோபம் வருது" என்றேன்.

"கல்கியைப் படிச்சுட்டுக் கோபப்பட்ட ஒரே ஆள் நீங்கதான் மாமா" என்று சிரித்தான்.

போனில் சொன்னால் அவன் சிரித்துக்கொண்டேதான் இருப்பான். அதனால் எழுதிவிடுகிறேன். அவனுக்கு மட்டும் இல்லை, அவனை மாதிரி ஊருக்கு வந்து போகிற எல்லாருக்கும் சேர்த்துத்தான்.

முதலில் ஒன்று. இந்த நாவல்களை மட்டம் தட்ட வரவில்லை. எங்கள் வீட்டில் பத்திரிகையிலிருந்து கிழித்துப் பைண்டு பண்ணின தொடர்கதைகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. அப்பா படித்து, சித்தப்பா படித்து, அத்தைகள் படித்து, ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு என் கைக்கு வந்தன. பொன்னியின் செல்வன் 1950இலிருந்து 1954 வரைக்கும் வாராவாரம் வந்த கதை. அதை ஒருத்தர் சத்தமாகப் படிக்க, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்பார்களாம். அந்த ருசி எனக்கும் உண்டு. மந்தாகினி சாகிற இடத்தில் இந்த வயசிலும் தொண்டை அடைக்கிறது. கல்கி மாதிரி அடுத்த அத்தியாயத்துக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக இன்னொருத்தரால் முடியுமா என்பதே சந்தேகம்தான்.

அப்படியும் கோபம் வருகிறது. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

பொன்னியின் செல்வன் எங்கள் ஏரிக் கரையில்தான் ஆரம்பிக்கிறது. வீராணம் ஏரி, அந்தக் காலத்து வீரநாராயண ஏரி. ஆடிப் பதினெட்டு. வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். வடவாற்றில் தண்ணீர் பாய்ந்து வந்து ஏரியில் விழுகிறது. எழுபத்து நான்கு கணவாய் வழியாகத் தண்ணீர் ஓடுகிறது. ஜனங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்து ஆடிப் பாடுகிறார்கள். கல்கி மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்தவர், காவிரித் தண்ணீரில் வளர்ந்தவர். அதனால் அந்த முதல் அத்தியாயத்தில் தண்ணீர் சத்தம் உண்மையாகவே கேட்கிறது.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? கணவாயைத் தாண்டி ஒரு வாய்க்கால் இருக்கிறதே, அதற்கப்புறம் வயல் இருக்கிறதே, அங்கே ஒரு ஆள் மண்வெட்டியோடு நிற்பானே, அவன் அப்புறம் எங்கே போனான்? ஆடிப் பெருக்கு அவனுக்குத் திருவிழா மட்டும் இல்லை. தண்ணீர் வந்தாச்சு, இனி விதை விடலாம், இந்த வருஷம் சோறு உண்டு என்கிற சேதி. ஐந்து பாகத்தையும் படித்துப் பாருங்கள். சதி நடக்கிறது, சண்டை நடக்கிறது, விருந்து நடக்கிறது, கப்பல் எரிகிறது. உழுகிறவர்களும் நடவு நடுகிற பெண்களும் முதல் அத்தியாயத்தில் ஒரு வரியில் பாடிவிட்டுப் போவதோடு சரி. யாருக்கும் நிலவரி பற்றிக் கவலை இல்லை. குதிரை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தக் குதிரைக்குக் கொள்ளு எந்தக் கொல்லையில் விளைந்தது, யார் வீட்டிலிருந்து வந்தது? நான் களத்தில் படுத்துக்கொண்டு படித்ததாலோ என்னவோ, இந்தக் கேள்வி விடவே இல்லை.

சிவகாமியின் சபதத்தில் இன்னும் மோசம். அதில் ஏரிக் கரை உடைந்து பெருவெள்ளம் வருகிறது. ஆயனச் சிற்பியையும் சிவகாமியையும் மாமல்லர் காப்பாற்றுகிறார். வெள்ளத்தில் மிதந்து போய் மண்டபப்பட்டில் கரை சேருகிறார்கள். அங்கே காதல் வளருகிறது. படிக்க அருமையான இடம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு வெள்ளம் தெரியும். 2015 நவம்பரில் கடலூர் மாவட்டம் பட்டது உங்களுக்கு டிவியில் ரெண்டு நாள் சேதி. எங்களுக்கு அப்படி இல்லை. வெள்ளம் வந்தால் முதலில் பயிர் போகும், அப்புறம் மாடு போகும், குடிசைச் சுவர் கரையும். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் வயலில் மணல் மேடு போட்டிருக்கும். அதை வாரிக் கொட்டாமல் அந்த நிலத்தில் ஏர் இறங்காது. ஒரு ஏரி உடைந்தால் அதன் கீழே இருக்கிற அத்தனை ஊருக்கும் ஒரு வருஷச் சோறு போய்விடும். நாவலில் அந்த வெள்ளம் எதற்கு வருகிறது? இளவரசரும் நாட்டியப் பெண்ணும் கொஞ்ச நாள் ஒன்றாக இருப்பதற்கு. உடைத்தவன் வில்லன் என்று தெரியும். கீழே இருந்த ஊர்க்காரர்கள் யார் என்று தெரியாது.

அடுத்தது காதல். இவையெல்லாம் காதல் கதைகள்தானே. யார் யாரைக் காதலிக்கலாம் என்று இந்த நாவல்களில் ஒரு சட்டம் இருக்கிறது. ஒரு தடவை உட்கார்ந்து கணக்குப் பாருங்கள், தெரியும்.

வந்தியத்தேவனும் குந்தவையும் சேரலாம், ஏனென்றால் அவன் கையில் காசில்லாவிட்டாலும் வாணர் குலத்து இளவரசன். பார்த்திபன் கனவில் சோழ இளவரசன் விக்கிரமனும் பல்லவர் மகள் குந்தவியும் சேரலாம், பகையானாலும் ரெண்டும் ராஜ ரத்தம். அதே கதையில் பொன்னன் என்று ஒரு ஓடக்காரன், வள்ளி என்று அவன் மனைவி. எனக்கு ரொம்பப் பிடித்தவர்கள். அவர்களுக்கு என்ன வேலை? இளவரசனுக்காக ஓடுவது, ஒளிவது, அழுவது. ஆயனர் மகள் சிவகாமி எத்தனை பெரிய கலைக்காரியாக இருந்தால் என்ன, சிற்பி மகள். அவளுக்காக வாதாபியே எரிகிறது, ஆனால் மாமல்லர் கட்டிக்கொள்வது பாண்டிய இளவரசியை. சிவகாமி கடைசியில் ஏகாம்பரநாதரிடம் போக வேண்டியதுதான். காட்டிலும் தீவிலும் வளர்ந்த மந்தாகினியைச் சுந்தர சோழர் காதலிக்கிறார். அவளுக்குப் பேச்சே கிடையாது. கடைசியில் ராஜாவைக் காப்பாற்றிவிட்டுச் செத்தும் போகிறாள்.

இதற்கெல்லாம் சிகரம் சேந்தன் அமுதன். பூக்கட்டிச் சிவன் கோயிலுக்குக் கொடுக்கிற பையன். படகோட்டி பூங்குழலி அவனைக் கைப்பிடிக்கிறாள். அடடா, ஒரு ஏழைக்கு ஏழை ஜோடி கிடைத்தது, ராஜா வீட்டுக்கு வெளியே ஒரு காதல் நிலைத்தது என்று சந்தோஷப்பட்டால், கல்கி நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கிறார். சேந்தன் அமுதன் பூக்காரன் இல்லையாம். கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த பிள்ளையாம். சோழ சிம்மாசனத்தில் அவனைத்தான் உட்காரவைக்கிறார்கள். நல்ல குணம் இருந்ததல்லவா, அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இந்த நாவல்களில் நல்ல குணத்துக்கு ஒரு குலம் இருந்தே ஆக வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நகரத்திலிருந்து வருகிறவர்கள் எங்களிடம் தவறாமல் சொல்கிற ஒன்று உண்டு. "கிராமம்னாலே சாதிதாங்க." சரி, உண்மை. மறுக்கமாட்டேன். எங்கள் ஊர் யோக்கியம் என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது. எங்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனி, இந்தப் பக்கம் ஊர் என்று இன்றைக்கும் இருக்கிறது. பிள்ளைகள் மாற்றிக் காதலித்தால் இங்கே வீட்டில் அடுப்பு எரியாது, சில ஊரில் வீடே எரியும். அது அசிங்கம், குற்றம். ஆனால் அதைச் சொல்கிற அதே வாயால் வந்தியத்தேவன், அருள்மொழி, குந்தவை என்று உருகுகிறீர்களே, அந்தக் கதைகளும் குலம் பார்த்துத்தான் மாலை எடுத்துக் கொடுக்கின்றன என்பது ஏன் கண்ணில் படவில்லை? பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்தால் சாதி உங்களுக்கு வம்சம் ஆகிவிடுகிறதா?

சாண்டில்யனுக்கு வருகிறேன். யவன ராணியில் புகார்க் கடற்கரையில் ஒரு யவனப் பெண் அலையில் ஒதுங்கிக் கிடக்கிறாள், சோழப் படைத் தலைவன் இளஞ்செழியன் பார்க்கிறான். நல்ல ஆரம்பம். கடல் புறாவில் கப்பல் சண்டைகள் பிரமாதம், கலிங்கத்திலிருந்து கடாரம் வரைக்கும் மனுஷர் நம்மைச் சுற்றிக் காட்டிவிடுகிறார். ஆனால் ஒவ்வொரு தடவை கதாநாயகி உள்ளே வரும்போதும் கதை நின்றுவிடுகிறது. இடை, இடைக்குக் கீழே, இடைக்கு மேலே என்று பக்கம் பக்கமாக ஓடுகிறது. காவலாளி தூங்கிவிடுவான், எதிரி கோட்டையைப் பிடித்துவிடுவான், இடை வருணனை முடியாது.

நான் ஒழுக்கம் பேசவில்லை. வாலிபத்தில் நானும் அந்தப் பக்கங்களைத்தான் முதலில் தேடினேன். எனக்கு வேறு ஒரு விஷயம் உறுத்துகிறது. எங்கள் நடவுக்கு ஒரு ஆயா வருவார்கள், அறுபது வயசுக்கு மேல் ஆகிறது. காலையில் சேற்றில் இறங்கினால் குனிந்தபடியே பின்னுக்கு நடந்து நடந்து நடுவார்கள். சாயங்காலம் கரையேறி, ரெண்டு கையையும் இடுப்பில் கொடுத்து நிமிரும்போது ஒரு சத்தம் வரும். "என்னா ஆயா?" என்று கேட்டால், "இடுப்புன்னு ஒண்ணு இருக்குன்னு இப்பதான் தம்பி தெரியுது" என்பார்கள். பெண்ணின் இடுப்பைப் பற்றி அத்தனை பக்கம் எழுதின மொழியில், அது வலிக்கும் என்று நான் படித்த ஒரு சரித்திர நாவலிலும் இல்லை. ராணிகள் சாப்பிட்ட சோற்றுக்கு யாரோ நாற்று நட்டிருப்பார்கள் அல்லவா? அவர்களும் பெண்கள்தான். அவர்களுக்கும் சாயங்காலம் யாராவது வெந்நீர் வைத்துக் கொடுத்திருப்பார்கள். அதுவும் காதல்தான்.

"மாமா, இது நாவல். பாடப்புத்தகம் இல்ல. ராஜா கதையில ராஜாதான் வருவார். உழவர் கதை எழுத ஆதாரம் எங்க இருக்கு?" இப்படித்தான் அவன் கேட்பான். இங்கேதான் எனக்கு நிஜமாகவே கோபம். ஆதாரம் கல்லில் வெட்டிக் கிடக்கிறது.

தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு ஊர்க் கோயில்களிலிருந்து ராஜராஜன் கொண்டுவந்து குடியமர்த்தின 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பேர் அதில் இருக்கிறது. எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்றுகூட இருக்கிறது. ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு, வருஷத்துக்கு நூறு கலம் நெல். நாவலாசிரியர்கள் இதைப் படித்தார்கள், நாட்டியப் பெண்களைக் கதைக்குள் கொண்டுவந்தார்கள். நல்லது. ஆனால் 400 பேருக்கு நூறு கலம் என்றால் நாற்பதாயிரம் கலம். கோயிலுக்குள்ளேயா விளைந்தது? எந்தெந்த ஊர் கோயிலுக்கு நெல் அளக்க வேண்டும் என்றும் அதே கோயில் கல்வெட்டில் பட்டியல் இருக்கிறது. அந்த ஊர்களில் வரி போடாமல் கழித்துவிட்ட இடங்களும் இருக்கின்றன. ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு, கம்மாளர் சேரி, பறைச்சேரி. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே சேரி தனியாகத்தான் இருந்தது. எங்கள் ஊர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனியைப் போய்ப் பாருங்கள். சோழர் காலத்துச் சின்னங்களில் எங்கள் ஊரில் கெடாமல் இருப்பது அந்தப் பிரிவினைதான். அதைப் பார்க்க யாரும் கேமராவோடு வருவதில்லை.

1001 வாக்கில் ராஜராஜன் நாடு முழுக்க நிலம் அளந்தான். உலகளந்தான் கோல் என்று அளவுகோலுக்கே பேர். நிலத்தை அளக்க ஆள் வருகிறான் என்றால் ஒரு ஊரே எப்படித் தூங்காமல் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு சர்வேயர் சங்கிலியோடு வந்தாலே வரப்பு வரப்பாகச் சண்டை. அண்ணன் தம்பி பேசமாட்டார்கள், நிச்சயம் பண்ணின கல்யாணம் நிற்கும். இதைவிடவா உங்களுக்கு மர்மம், சதி, காதல் தோல்வி வேண்டும்? நான் படித்த இந்த ஆறு நாவலில் ஒன்றிலும் அளவுகோல் கதைக்குள் வரவில்லை. ஓலையைக் கச்சையில் ஒளித்துக்கொண்டு ஓடுகிற ஒற்றர்கள்தான் வருகிறார்கள்.

உத்திரமேரூர்க் கல்வெட்டை வாட்ஸ்அப்பில் வருஷத்துக்கு நாலு தடவை எனக்கு அனுப்புகிறீர்கள். முதலாம் பராந்தகன் காலம், 919, 921. குடவோலை, ஏரி வாரியம், தோட்ட வாரியம், உலகத்துக்கே ஜனநாயகம் கொடுத்த தமிழன். கல்லில் மிச்சத்தையும் படியுங்கள். குடத்தில் பேர் போட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும், வயசு 35க்கும் 70க்கும் நடுவில் இருக்க வேண்டும். ஏரியில் இறங்கித் தூர் எடுத்தவன் பேர் அந்தக் குடத்தில் விழுந்திருக்காது. ஏரி வாரியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஒரு குழு, அதற்கென்று ஏரிப்பட்டி என்று நிலம், ஏரி ஆயம் என்று வரி. இன்றைக்கு நமக்கு அது இருந்தால் போதும் என்று ஏங்குகிறவன் நான். ஆனால் கூலி இல்லாமல் வாங்கின வேலைக்கும் கல்வெட்டில் பேர் இருக்கிறது. வெட்டி, அமஞ்சி. நீங்கள் பெருமைப்படுகிற ஏரிகளின் கரையில் அந்த வேர்வையும் சேர்ந்துதான் கிடக்கிறது.

வேங்கையின் மைந்தனுக்கும் இது பொருந்தும். அகிலன் சாகித்ய அகாதமி பரிசு வாங்கின நாவல், 1963இல். ராஜேந்திரன் கங்கைத் தண்ணீரைக் கொண்டுவந்து சோழகங்கம் ஏரி அமைத்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடு தண்ணீராலான வெற்றித்தூண் என்று சொல்கிறது. படிக்கும்போது மயிர்க்கூச்செறியும். வெற்றித்தூண் என்று சொன்னவர் அரண்மனைப் புலவர். மண் சுமந்தவன் அதை என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பான்? ஒரு நாவலாசிரியர் இறங்கி யோசிக்க வேண்டிய இடம் அதுதான். அகிலன் கொடும்பாளூர் இளங்கோவுக்கும் ரோகிணிக்கும் அருள்மொழி நங்கைக்கும் நடுவில் நிற்கிற காதலிலேயே நின்றுவிட்டார்.

எல்லாரும் இப்படியென்று சொல்லமாட்டேன். பாலகுமாரனின் உடையார் முன்பே படித்தது. ராஜராஜனையும் பஞ்சவன்மாதேவியையும் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுகிறார் என்பது வாஸ்தவம். ஆனாலும் கல் உடைக்கிறவனும் தச்சனும் கொல்லனும் அதில் பேசுகிறார்கள், முணுமுணுக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். கோயில் தானாக முளைக்கவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சு. வெங்கடேசனின் காவல் கோட்டம் ராஜாவை விட்டுவிட்டுக் கள்ளர் ஊருக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. அதில் பஞ்சம் வருகிறது, பசி வருகிறது. பிரபஞ்சன் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பை வைத்து எழுதின நாவல்களில் புதுச்சேரித் தெருவில் நடக்கிற சாதாரண ஜனங்கள் இருக்கிறார்கள். ஆகவே முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். முடியும். நாம்தான் குதிரை வேண்டும் என்று அடம் பிடிக்கிறோம்.

"சரி மாமா, இதனால உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று அடுத்த கேள்வி வரும்.

நஷ்டம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் மணிரத்னம் படம் வந்த பிறகு எங்கள் ஏரிக் கரையில் கார்கள் வந்து நிற்க ஆரம்பித்தன. வரட்டும், சந்தோஷம். ஒரு நாள் நான் வாய்க்காலில் அடைப்பு எடுத்துவிட்டுக் கரையேறும்போது ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. நல்ல மனுஷர்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள். "ஐயா, வந்தியத்தேவன் எந்தப் பக்கமா வந்திருப்பான்?" என்று அந்த அம்மா கேட்டார்கள். கையைக் காட்டினேன். அங்கே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கையில் ரெண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில். ஏரியில் இப்போது எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது என்று கேட்கவில்லை. நான் எதற்கு இடுப்பு வரைக்கும் சேறாக நிற்கிறேன் என்றும் கேட்கவில்லை. தப்பு அவர்கள் மேல் இல்லை. கரைக்கு வந்தால் குதிரையைத் தேட வேண்டும் என்றுதான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

அவர்கள் சென்னைக்காரர்கள். 2004இலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டு இந்த ஏரித் தண்ணீரைத்தான் சென்னைக்குக் கொண்டுபோகிறார்கள். கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். தாகத்துக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்கிறவன் விவசாயியே கிடையாது. ஆனால் ஏரி நிரம்ப வேண்டிய மட்டம் 47.5 அடி. அதன் கீழே நாற்பத்தைந்தாயிரம் ஏக்கர் சுமாராகப் பாசனம். அடியில் வண்டல் சேரச் சேர, மேலே மட்டம் அதே 47.5 என்று காட்டும், உள்ளே தண்ணீர் குறைவாக நிற்கும். கீழணையிலிருந்து வடவாறு வழியாக வருகிற தண்ணீரை வாங்கி வைக்க இடம் இருக்காது. மழை அடித்தால் வெள்ளியங்கால் ஓடையில் திறந்துவிட்டாக வேண்டும், அது பக்கத்து ஊர் வயலில் ஏறும். தூர் எடு என்று நாங்கள் மட்டும் கத்தினால் அது விவசாயிகள் கோரிக்கை, பேப்பரில் உள்பக்கத்தில் நாலு வரி. குடிக்கிற நீங்களும் கேட்டால் அது வேறு. நீங்கள் கேட்கமாட்டீர்கள். உங்களுக்கு இது வந்தியத்தேவன் ஏரி. கதையில் அது எப்போதும் நிரம்பித்தான் இருக்கும்.

நான் கேட்கிற சரித்திரக் காதல் கதையை முடிந்தால் யாராவது எழுதுங்கள். பழைய ஏரிகளில் குமிழித் தூம்பு என்று ஒன்று உண்டு. கரையிலிருந்து தள்ளி, ஏரிக்குள்ளே தண்ணீருக்கு நடுவில் ரெண்டு கல்தூண் நிற்கும். அதற்கு அடியில் கல் தொட்டி, தொட்டியில் துளை. துளையை அடைத்திருக்கிற கல்லைத் தூக்கினால் நிலத்துக்கு அடியில் போகிற சுருங்கை வழியாகத் தண்ணீர் வெளியே பாயும். ஏரி நிரம்பி நிற்கும்போது ஒரு ஆள் நீந்திப் போய், மூச்சடக்கி முங்கி, அந்தக் கல்லைத் தூக்க வேண்டும். தண்ணீர் இழுக்கிற வேகத்தில் கையோ காலோ துளையில் மாட்டினால் ஆள் திரும்பி வரமாட்டான். அவன் முங்கும்போது கரையில் ஒருத்தி நின்றிருப்பாள். அவள் வயிற்றில் பிள்ளைகூட இருந்திருக்கலாம். அவன் தலை மேலே வருகிற வரைக்கும் அவள் மூச்சு விட்டிருப்பாளா? இதற்குமேல் ஒரு காதல் கதைக்கு என்ன வேண்டும்? பேர் தெரியாது, குலம் தெரியாது, அவனுக்குக் கல்வெட்டு கிடையாது. ராஜா ஊர்வலம் அன்றைக்கு அந்தக் கரையில் போயிருந்தாலும் அவள் திரும்பிப் பார்த்திருக்கமாட்டாள்.

புத்தகங்களைத் துடைத்துப் பையிலேயே போட்டு வைத்திருக்கிறேன், மாப்பிள்ளை. கடல் புறா ரெண்டாம் பாகத்தில் கொஞ்சம் உமி ஒட்டியிருக்கும், தட்டிவிட்டுக்கொள். மூன்றாம் பாகம் மட்டும் ஆயா வீட்டுப் பேத்தி படிக்க வாங்கிப் போயிருக்கிறது, கல்லூரியில் தமிழ் படிக்கிற பிள்ளை. முதல் ரெண்டு பாகம் படிக்காமல் மூன்றாவதை ஏன் எடுத்தாய் என்று கேட்டேன். "முடிவுல யாரெல்லாம் உயிரோட இருக்காங்கன்னு மொதல்ல பாத்துக்குவேன் மாமா" என்றது. சம்பாவுக்கு ஏரி திறக்கிற அன்றைக்கு நீ ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வா. குதிரை வந்த பாதையை அப்புறம் பார்க்கலாம். முதலில் எந்த மதகுத் தண்ணீர் எந்த ஊருக்குப் போகிறது என்று வாய்க்கால் ஓரமாக நடந்து காட்டுகிறேன். செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிடு.